இரண்டாம் கியர்

தொப்பூர் இறக்கத்துக்குச் சற்று முன்னால்,
லாரிகள் நின்று சூடு தணியும் இடத்தில்
ஒரு தகரக் கொட்டகை. பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்றுக்கு ஒரு கால் விரிசல்.
அது எனக்கு.

செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு
ஓட்டுநர்களுக்குத் தியானம் கற்பிக்க
ஒப்பந்தத்தில் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.
பதிவேடு உண்டு. பெயர், வண்டி எண், கையெழுத்து.
கடைசிப் பத்தியின் தலைப்பு: பயன்.

முதல் வாரம்
பயிற்சியில் எனக்குச் சொன்னதையே சொன்னேன்.
கண்ணை மூடுங்கள்.
ஓர் ஆற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்.
மூடியவர்களில் ஏழு பேர் தூங்கிப்போனார்கள்.
எட்டாமவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டார்:
"எந்த ஆறும்மா? தண்ணி ஓடுற ஆறா?"

தூங்கியவர்களை எழுப்பவில்லை.
நாசிக்கில் வெங்காயம் ஏற்றிய ராத்திரியிலிருந்து
கண் அசராத உடம்புகள்.
பயன் என்ற இடத்தில்
"உறக்கம்" என்று எழுதினேன்.
மேலதிகாரி அதன் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இரண்டாம் வாரம் ஆற்றை விட்டுவிட்டேன்.
கணவாயைப் பற்றிக் கேட்டேன்.
சொன்னார்கள், ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி.
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால்
முதல் வளைவு வரைக்கும் சொர்க்கம்,
அடுத்ததில் பிரேக் டிரம் கருகும் வாடை,
அதற்கடுத்து மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.
"அதுக்கப்புறம் பேப்பர்ல வரும்" என்றார் இருசப்பன்.
"ரெண்டாவது கியர்ல போட்டு எறக்கணும்.
வண்டியை வண்டியே புடிக்கும்.
காலு சும்மா பக்கத்துல இருந்தா போதும்."

எனக்கு அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.
கோபமும் இறக்கம்தான் என்றேன்.
நாலு எண்ணி மூச்சை இழுங்கள்.
ஆறு எண்ணி விடுங்கள்.
கண் திறந்தே இருக்கலாம்.
சுங்கச்சாவடி வரிசையில்,
லோடு இறக்க ஆள் வராத குடோன் வாசலில்,
வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்கும் முன்.
சாமி கிடையாது. சந்தா கிடையாது.
காலை மடக்க வேண்டாம்.

(மறுநாள் காலை, தருமபுரியில்,
என் மகன் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக
ஒற்றை ஷூவைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான்.
நாலு வரை எண்ணினேன்.
ஐந்தில் கத்தினேன்.
இது பதிவேட்டில் இல்லை.)

மூன்றாம் வாரம் மழை. யாரும் வரவில்லை.
தகரத்தின் மேல் கல் கொட்டும் சத்தம்.
நாலு, ஆறு. நாலு, ஆறு.
ஒரு நாய் உள்ளே வந்தது,
ஈரத்தை என் மேல் உதறியது,
படுத்த உடனே தூங்கியது.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த செவ்வாய் இருசப்பன் வந்தார்,
வலப்பக்கக் கண்ணாடி இல்லாத வண்டியோடு.
"கிருஷ்ணகிரி டோல்கேட்டுல ஒரு கார்க்காரன்.
இடிச்சதும் அவன், எறங்கி வந்து
எங்கம்மாவைச் சொல்லித் திட்டுனதும் அவன்.
சீட்டுக்கு அடியில ஜாக்கி லிவர் கெடக்கும்.
எடுத்துட்டேன்."

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.

"எடுத்துட்டு?"

"விட்டேன்மா. மூச்சை.
ஆறு வரைக்கும். பத்தலை, இன்னொரு ஆறு.
லிவரை எடுத்த எடத்துலயே வச்சிட்டேன்."

மனசு அமைதியாக இருந்ததா என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

"அமைதியா?
தெரிஞ்ச கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன்.
ரெண்டு கன்னடத்துல.
ஆனா கை காலியா இருந்துச்சு."

கொட்டகை சிரித்து முடிக்க நேரமாயிற்று.
வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி
இறக்கத்தில் உறுமிக்கொண்டு போயின.
பயன் என்ற இடத்தில் "கை காலி" என்று எழுதினேன்.
சிவப்பு மை வரட்டும்.

பயனாளிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று போட்டு, அடித்து,
இரண்டு என்று திருத்தினேன்.
அந்தக் கார்க்காரன் பெயர் தெரியாது.
கையெழுத்து வேண்டிய இடத்தில்
ஒரு கோடு போட்டிருக்கிறேன்.